பழைய பாஸ்போர்ட் செல்லாமல் போய்விடுமா? சிப் பாஸ்போர்ட் பற்றி ஒரு தாயின் கேள்விகள்

காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து 53 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கணவர் இறந்தபின் பட்டுத்தறியை நம்பியே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர் இவர். மகள் கல்யாணமாகிச் சிங்கப்பூரில் இருக்கிறார். அடுத்த வருடம் அவருக்குப் பிரசவம், அம்மா கூட இருக்க வேண்டும் என்கிறார். அம்மாவின் பாஸ்போர்ட் 2029 வரை செல்லும். மகனுக்கு 24 வயது, ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வளைகுடா வேலைக்கு முயல்கிறார். பள்ளியில் படித்தபோது எடுத்த அவருடைய பாஸ்போர்ட் எப்போதோ காலாவதியாகிவிட்டது.

இப்போது புதிய பாஸ்போர்ட்டுகள் அட்டைக்குள் சிறு மின்னணுச் சிப் வைத்து வருகின்றன. ஊரில் ஓர் ஏஜென்ட், "சிப் இல்லாத பாஸ்போர்ட் எல்லாம் சீக்கிரமே செல்லாது. ஆளுக்கு 9,000 ரூபாய் கொடுங்கள், மாற்றித் தருகிறேன்" என்று சொல்லி, இருவருடைய பாஸ்போர்ட் பக்கங்களையும் வாட்ஸ்அப்பில் படமாக வாங்கி வைத்திருக்கிறார். 2023-இல் குடிநீர் கேட்டு ஊர்மக்கள் நடத்திய சாலை மறியலில் மகன் பெயரும் எஃப்.ஐ.ஆரில் ஏறியிருக்கிறது. "விண்ணப்பத்தில் வழக்கே கிடையாது என்று போட்டுவிடு. உண்டு என்று போட்டால் அது சிப்பில் ஏறிவிடும், எந்த ஏர்போர்ட்டிலும் உன்னைக் குற்றவாளி என்று காட்டும்" என்பது ஏஜென்ட்டின் யோசனை. வாசகியின் அண்ணனோ, அந்தச் சிப் இருந்தால் போகிற இடமெல்லாம் அரசுக்குத் தெரியும், பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவன்கூட விவரத்தைத் திருடிவிடுவான், கைக்கு வந்ததும் மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துச் சிப்பைப் பொசுக்கிவிடு என்கிறாராம். கடைசியாக வாசகியின் சொந்தக் கவலை: தறி வேலையில் விரல் நுனி தேய்ந்து, ரேஷன் கடை இயந்திரத்திலேயே ரேகை பதிவதில்லை. "ரேகை இல்லாதவளுக்குப் பாஸ்போர்ட் கிடைக்காதா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பணத்தை நிறுத்துங்கள். ஏஜென்ட்டுக்கு இன்னும் எதுவும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம். உங்களுக்கு இப்போது புதுப் பாஸ்போர்ட்டே தேவையில்லை. 2029 வரை செல்லும் உங்கள் பழைய பாஸ்போர்ட் 2029 வரை செல்லும். சிப் இல்லாத பாஸ்போர்ட்டுகள் அவற்றில் அச்சிட்ட தேதிவரை செல்லுபடியாகும் என்பதை வெளியுறவு அமைச்சகம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான். சிங்கப்பூர் போகும்போது பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாத ஆயுள் மீதம் இருக்க வேண்டும். உங்களுக்கு அதற்கு மேலேயே இருக்கிறது. விசா எப்போதும்போல எடுத்தாக வேண்டும். சிப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் அதில் மாற்றம் இல்லை.

"செல்லாமல் போய்விடும்" என்ற பேச்சுக்கு ஒரு பழைய காரணம் இருக்கக்கூடும். கையால் எழுதிய பாஸ்போர்ட்டுகளை உலக நாடுகள் 2015 நவம்பர் 24-உடன் ஏற்பதை நிறுத்தின. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வைத்த கெடு அது. அப்போது நம் ஊரில் பலர் ஓடி ஓடி மாற்றினார்கள். அந்த நினைவில் இப்போதும் அப்படித்தான் நடக்கும் என்று பலர் நம்புகிறார்கள், சிலர் அதை வைத்துச் சம்பாதிக்கிறார்கள். இப்போது அப்படி ஒரு கெடு கிடையாது. பழையவை தானாகக் காலாவதியாக ஆக, புதியவை அந்த இடத்துக்கு வருகின்றன.

இந்தியா சிப் பாஸ்போர்ட்டுக்கு ஒரே நாளில் தாவவில்லை. 2008-இல் தூதரக, அரசுமுறைப் பாஸ்போர்ட்டுகளில் சோதனையாகத் தொடங்கியது. முதல் சிப் பாஸ்போர்ட்டைப் பெற்றவர் அன்றைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல். பொதுமக்களுக்கும் வரும் என்று 2022 பட்ஜெட் உரையில் அறிவித்தார்கள். 2024 ஏப்ரலில் நாக்பூரிலும் புவனேஸ்வரிலும் முன்னோட்டம் நடந்தது. சென்னை மண்டல அலுவலகம் 2025 மார்ச்சில் கொடுக்கத் தொடங்கியது, அப்புறம் நாடு முழுவதும் விரிந்தது. மலேசியா இதை 1998-இலேயே தொடங்கிவிட்டது. உங்கள் மகள் இருக்கும் சிங்கப்பூர் 2006-இல். இவ்வளவு நிதானமாக வந்த ஒரு மாற்றத்துக்காக நீங்கள் மட்டும் அவசரப்பட வேண்டியதில்லை.

மகன் இப்போது விண்ணப்பித்தால் சிப் வைத்த பாஸ்போர்ட்தான் வரும். வேண்டும், வேண்டாம் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அதற்கென்று தனிக் கட்டணமும் கிடையாது. பெரியவர்களுக்கான 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய்தான். பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் மகனே விண்ணப்பித்து, பணம் கட்டி, தேதி எடுத்துக்கொள்ளலாம். அதே பெயரைப் போலவே தோன்றும் போலித் தளங்கள் உண்டு, அரசுத் தளம்தானா என்று முகவரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் 1800 258 1800 என்ற இலவச எண் இருக்கிறது.

சிப்பில் என்ன இருக்கிறது?

உங்கள் அண்ணனின் பயத்தை நான் ஒதுக்கித்தள்ள மாட்டேன். ஆனால் அது தவறான இடத்தில் நிற்கிறது. அட்டைக்குள் பதித்திருக்கும் அந்தச் சிப்பில் பாட்டரி கிடையாது. தானாக எதையும் எங்கும் அனுப்ப அதனால் முடியாது. படிக்கும் கருவியைச் சில சென்டிமீட்டர் தூரத்தில் கொண்டுவந்தால் மட்டுமே அதற்கு உயிர் வரும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அதற்கே தெரியாது.

உள்ளே இருப்பது பெரும்பாலும் முதல் பக்கத்தில் அச்சிட்டிருப்பதுதான்: பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், புகைப்படம். உலக விதிப்படி முகப்படம் கட்டாயம், விரல்ரேகையைச் சேர்ப்பது அந்தந்த நாட்டின் விருப்பம். ரேகை இருந்தால் அதற்கு இன்னும் கடுமையான பூட்டு உண்டு, எல்லா நாட்டுக் கருவியும் அதைத் திறந்துவிட முடியாது. இந்த விவரங்களுக்கு அரசின் டிஜிட்டல் கையொப்பமும் இருக்கும். யாராவது படத்தை மாற்றி ஒட்டிப் போலி செய்தால் கையொப்பம் பொருந்தாமல் மாட்டிக்கொள்வார்கள். சிப் வந்ததன் முக்கியக் காரணமே இதுதான். வங்கிக் கணக்கு அதில் இல்லை. போலீஸ் வழக்கு ஏறுவதற்கும் அதில் இடம் இல்லை. உங்கள் மகனின் எஃப்.ஐ.ஆர். சிப்பில் வரும் என்று ஏஜென்ட் சொன்னது முழுப்பொய்.

பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது. சிப்பைத் திறக்கச் சாவி வேண்டும். அந்தச் சாவி முதல் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு அச்சிட்டிருக்கும் இரண்டு வரிகளில் இருக்கிறது. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி, இந்த மூன்றையும் சேர்த்துத்தான் கருவி சாவியை உருவாக்குகிறது. மூடிய பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்திருப்பவரிடமிருந்து அதை எடுக்க முடியாது. ஆனால் முதல் பக்கத்தின் ஜெராக்ஸை லாட்ஜ், சிம் கடை, ஏஜென்ட் என்று கேட்ட இடத்திலெல்லாம் கொடுத்தால், வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை எல்லோரிடமும் கொடுத்த மாதிரி. அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த ஜெராக்ஸை வைத்தே உங்கள் பெயரில் சிம் வாங்கலாம், கடன் கேட்கலாம். அதற்குச் சிப்பே தேவையில்லை. ஏஜென்ட்டிடம் இருக்கும் படங்களை அழிக்கச் சொல்லி வாட்ஸ்அப்பிலேயே எழுத்தில் கேளுங்கள், அந்தச் செய்தியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் உண்மையில் அழித்தாரா என்று நம்மால் பார்க்க முடியாது என்பதும் உண்மை. இனிமேல் கொடுக்க நேர்ந்தால், என்ன காரணத்துக்காக, எந்தத் தேதியில் என்று நகலின் மேலேயே குறுக்காக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

மைக்ரோவேவ் யோசனையை மட்டும் அண்ணன் இன்றே விட்டுவிட வேண்டும். பாஸ்போர்ட் உங்கள் கையில் இருந்தாலும் அது மத்திய அரசின் சொத்து, 1967-ஆம் வருடப் பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அட்டை கருகிய பாஸ்போர்ட்டோடு குடியேற்றக் கவுன்ட்டரில் போய் நின்றால் திருப்பி அனுப்பவும் கூடும். சேதமான பாஸ்போர்ட்டுக்குப் பதில் வாங்க 3,000 ரூபாய், அதோடு எப்படிச் சேதமானது என்ற விளக்கமும் கேட்பார்கள். சிப் தானாகப் பழுதானால் அது வேறு. அப்போதும் பாஸ்போர்ட் செல்லும், அதிகாரி பக்கத்தைப் பார்த்துக் கையால் சரிபார்ப்பார். அட்டையில் ஸ்டேப்ளர் அடிக்க விடாதீர்கள், மடிக்காதீர்கள், நனைக்காதீர்கள். டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடிப்பது நம் டிராவல்ஸ்காரர்கள் பலரின் பழக்கம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அண்ணனின் பயத்தில் எனக்கு உடன்பாடான பகுதியும் உண்டு. சிப்பை விட, பாஸ்போர்ட் அலுவலகத்தில் நாம் கொடுத்த முகமும் ரேகையும் எந்தக் கணினியில், எத்தனை காலம், யார் பார்வைக்கு இருக்கின்றன என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் கதவை அந்தச் சட்டமே அகலமாகத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு வழக்கறிஞராக இது எனக்கு ஏற்புடையதல்ல. நாடாளுமன்றம் அந்தக் கதவைச் சுருக்க வேண்டும். அதற்காக உங்கள் மகன் பாஸ்போர்ட் எடுக்காமல் இருக்க வேண்டியதில்லை. ரேகை எடுப்பது சிப்போடு வந்த புது வழக்கமும் இல்லை, பாஸ்போர்ட் சேவா கேந்திராக்களில் பல வருடங்களாக நடப்பதுதான்.

ரேகை பதியாவிட்டால்?

உங்கள் பாஸ்போர்ட்டை 2029-இல் புதுப்பிக்கும்போதுதான் இந்தக் கேள்வி உங்களுக்கு வரும். இருந்தாலும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். எந்தக் காரணத்துக்காகப் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்பதைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு வரிசையாகச் சொல்கிறது. நாட்டின் பாதுகாப்பு, தண்டனை, நிலுவையில் உள்ள குற்ற வழக்கு என்று போகும் அந்த வரிசையில் தேய்ந்த ரேகை கிடையாது. தறியில் உழைத்த கைக்கு அதற்காகப் பாஸ்போர்ட் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கேந்திராவில் மூன்று கவுன்ட்டர்கள் இருக்கும். 'ஏ' கவுன்ட்டரில் இருப்பவர் தனியார் ஊழியர், படமும் ரேகையும் அங்கேதான் எடுப்பார்கள். 'பி', 'சி' இரண்டிலும் அரசு அதிகாரிகள். 'ஏ' கவுன்ட்டரில் "ரேகை விழவில்லை, போய்விட்டு இன்னொரு நாள் வாங்க" என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். கைத்தறி வேலையால் தேய்ந்தது என்று சொல்லி, பி அல்லது சி அதிகாரியிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். போவதற்குச் சில நாள் முன்பிருந்தே இரவில் விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவி வந்தால் வறண்ட ரேகை கொஞ்சம் தெளியும். அன்று காலையில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவிவிட்டுப் போங்கள்.

மகனின் எஃப்.ஐ.ஆர்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையாகவே கவலை தந்தது இந்த ஒன்றுதான். சிப்பால் அவருக்குக் கெடுதல் வராது. பொய் எழுதினால் வரும். தெரிந்தே தவறான தகவல் தந்தோ, முக்கியத் தகவலை மறைத்தோ பாஸ்போர்ட் வாங்கினால் 12-ஆவது பிரிவின்படி இரண்டு வருடம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். 10-ஆவது பிரிவின்படி பாஸ்போர்ட்டைப் பறிமுதல் செய்யவும் முடியும். வெளிநாட்டில் வேலையில் இருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தண்ணீர் கேட்டு ரோட்டில் உட்கார்ந்ததில் அவமானம் ஒன்றும் இல்லை. அதை மறைக்கப் போய்ப் பெரிய வழக்கில் மாட்ட வேண்டாம்.

அதே சமயம், எஃப்.ஐ.ஆர். இருக்கிறது என்றாலே பாஸ்போர்ட் கிடைக்காது என்பதும் தவறு. சட்டம் தடுப்பது, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பவரை. வெறும் எஃப்.ஐ.ஆரும், விசாரணையில் இருக்கும் வழக்கும் அதில் சேராது, நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்தால்தான், அதாவது விசாரிக்க முறைப்படி ஏற்றால்தான், நிலுவை என்று பொருள் என்பதை வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபர் 10-ஆம் தேதியிட்ட சுற்றறிக்கையில் விளக்கியிருக்கிறது. ஆகவே முதல் வேலை, மகன் வழக்கு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது. இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். அதோடு நிற்காமல் அந்தப் பகுதி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் மூலம் நேரில் பார்த்துவிடுவது நல்லது. எஃப்.ஐ.ஆர். நகலையும் வாங்குங்கள்.

குற்றப்பத்திரிகையே தாக்கல் ஆகவில்லை என்றால், நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இல்லை என்பதே உண்மையான பதில். ஆனால் பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ் விசாரணைக்கு வருபவரிடம் எஃப்.ஐ.ஆரை மறைக்கக் கூடாது. நகலைக் காட்டி, குற்றப்பத்திரிகை வரவில்லை என்று சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் அலுவலகம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினால், 2019 சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் கொடுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. மறியல் வழக்குகளில் வழக்கமாகப் போடும் 143, 341 போன்ற பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகளுக்கு அதிகபட்சத் தண்டனை ஆறு மாதத்தைத் தாண்டாது. ஒரு வருடம்வரை தண்டனை உள்ள குற்றங்களை, சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குப் பின் நீதிமன்றம் கோப்பில் எடுக்க அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468-ஆவது பிரிவு தடை போடுகிறது. தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் நீதிமன்றம் மன்னிக்கலாம், அந்த விதிவிலக்கும் உண்டு. 2023 சம்பவத்துக்கு இன்னும் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால், சென்னை உயர் நீதிமன்றத்தில் எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்யக் கேட்க வலுவான காரணம் இருக்கிறது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியதாகவோ பலாத்காரம் காட்டியதாகவோ 353-ஆவது பிரிவும் சேர்த்திருந்தால் அந்தக் கெடு மூன்று வருடம், கணக்கு மாறிவிடும். எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இல்லாமல் யாரும் உங்களுக்குச் சரியான ஆலோசனை சொல்ல முடியாது.

நீதிமன்றம் ஏற்கெனவே வழக்கைக் கோப்பில் எடுத்திருந்தால், விண்ணப்பத்தில் அதை அப்படியே எழுத வேண்டும். அந்த நீதிமன்றத்திலேயே மனுப் போட்டு வெளிநாடு செல்ல அனுமதி உத்தரவு வாங்கி இணைத்தால் பாஸ்போர்ட் கிடைக்கும். 1993 ஆகஸ்ட் 25-ஆம் தேதி அரசாணை இதற்கு வழி செய்கிறது. எவ்வளவு காலத்துக்கு என்று நீதிமன்றம் குறிப்பிடாவிட்டால் ஒரு வருடத்துக்குத்தான் தருவார்கள், அதனால் மனுவிலேயே காலத்தைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தில் மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. மறுப்பு உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பெயரை இரண்டு முறை படியுங்கள்

சிப் வந்தபின் எழுத்துப்பிழைக்கு விலை கூடியிருக்கிறது. கையொப்பமிட்டு மூடிய சிப்பில் திருத்தம் போட முடியாது. தப்பு என்றால் புதுப் புத்தகமேதான். நம் ஊரில் இன்ஷியலால் வரும் குழப்பம் உங்களுக்குத் தெரியும். பாஸ்போர்ட்டில் இன்ஷியலாகப் போடாமல், அப்பா பெயரை முழுமையாக விரித்து எழுத வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் அப்பா பெயர் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மகன் இப்போதே பார்க்கட்டும். 'செந்தில்' என்ற பெயரில் ஒரு 'எச்' கூடினாலும் விசாவிலும் வேலை ஒப்பந்தத்திலும் இடிக்கும். மாறி இருந்தால் ஆதாரை முதலில் திருத்துங்கள். கேந்திராவில் 'ஏ' கவுன்ட்டர் திரையில் விவரங்களைக் காட்டும்போது அவசரப்படாமல் ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க வேண்டும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழை விண்ணப்பத்தோடு கட்டாயம் காட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் குடியேற்றச் சோதனை தேவை (ஈ.சி.ஆர்.) என்ற முத்திரை, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்ற குறிப்பு, இல்லாமல் பாஸ்போர்ட் வரும். வளைகுடாவுக்குப் போகிறவருக்கு அது பெரிய வித்தியாசம். அந்த ஏஜென்ட் வேலையும் வாங்கித் தருவதாகச் சொன்னால், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவர்தானா என்று எண்ணைக் கேட்டுப் பாருங்கள். பதிவு இல்லாதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

எஃப்.ஐ.ஆர். நகல் கிடைத்ததும் அதில் உள்ள பிரிவுகளையும், குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகியிருக்கிறதா என்பதையும் எழுதி அனுப்புங்கள். மனுவை எந்த நீதிமன்றத்தில் போடுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். பெண்கள் யாராக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. மகன் ஆண் என்பதால் அவருக்கு வருமான வரம்பைப் பார்ப்பார்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், வருமானச் சான்றிதழோடு மகனை அங்கே அனுப்புங்கள்.